டைரக்டர் என்ன கடவுளா?

நாட்றாம்பாளையத்தில் திருவிழாவின் போது ஒலிபெருக்கியில் "திருவிளையாடல்" படத்தின் கதை வசனம் வைக்கப்பட்டதாம். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஊருக்கு வந்திருந்த ஒரு வாலிபத் தோழர், "நக்கீரனை எரித்தது என்ன நியாயம்?" என்று கேட்டாராம். உடனே பெரியவர் சிலர், "ஏ.பி. நாகராஜன் படத்தைக் குறை சொல்ல நீ யாரடா?" என்று அதட்டி, அவரைப் பந்தலை விட்டே எழுப்பி அனுப்பி விட்டார்களாம்.

நாம் கேட்கிறோம்: நாகராஜன் மனிதரா, கடவுளா? மனிதர் எடுத்த படத்தைப் பற்றி மனிதன் அபிப்பிராயம் சொல்லக் கூடாதென்றால், இருக்கிற கடவுள்கள் போதாதென்று புதிதாக ஒரு கடவுளையல்லவா உண்டாக்கி விட்டோம்?

நிற்க, 1965ல் வந்த அப்படத்தின் திறமையை நாம் மறுக்கவில்லை. தருமியாக வந்த நாகேஷைப் பார்த்து நாமும் வயிறு குலுங்கச் சிரித்தவர்களே. 1952ல் "பராசக்தி"யில் பூசாரியை எதிர்த்துப் பேசிய அதே சிவாஜி கணேசன் இதில் சிவனாகவே வந்தார். நடிப்பு நடிப்புத்தான், அதில் நமக்குச் சண்டையில்லை.

ஆனால் கதையின் நியாயம் என்ன? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, இல்லையா என்பது வாதம். விடை சொல்ல வேண்டியவரோ நெற்றிக் கண்ணைத் திறந்து, கேட்டவனையே எரிக்கிறார். புருஷன் பேச்சை மீறித் தகப்பன் வீட்டு யாகத்துக்குப் போன தாட்சாயணியும் எரிக்கப்படுகிறாள். பிறகு உயிர் கொடுத்து விட்டாரே என்பது ஒரு சமாதானமா? காலையில் பெண்டாட்டியை அடித்து விட்டு, மாலையில் மல்லிகைப்பூ வாங்கி வருகிறவன் யோக்கியதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதில் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. அந்த நக்கீரன் வேஷம் போட்டவர் டைரக்டர் நாகராஜனேதான்! சிவன் பாட்டிலேயே குற்றம் கண்டவன் வேஷத்தைப் போட்டுக் கொண்டவர் படத்தில், குற்றம் காணக் கூடாதாம்! அப்படியானால் அவருக்கு உண்மையில் மரியாதை செய்தவர் யார்? அதட்டியவர்களா, எழுந்து கேட்ட வாலிபரா?

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "புராணப் படம் பார்க்கிறவன் சுயமரியாதைக்காரனே அல்ல" என்று நம்மில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அதுவும் வேறொரு பந்தலின் அதட்டல்தான். அதே நாகராஜன் 1968ல் எடுத்த "தில்லானா மோகனாம்பாள்" நமக்கு அதிகம் பிடித்தது. நாதஸ்வரக்காரனும் நாட்டியக்காரியும் தங்கள் வித்தையின் மானத்துக்காக நிற்கிறார்கள். அங்கே எந்தக் கண்ணும் திறந்து எவரையும் எரிக்கவில்லை. மற்றவருக்குத் "திருவிளையாடல்" பிடிக்கலாம். ருசி அவரவருடையது. ஆனால் காரணம் கேட்டவனுக்குக் காரணம்தான் பதிலே தவிர, அதட்டல் பதிலாகாது.

ஆகவே, நாட்றாம்பாளையம் பெரியவர்களே! அடுத்த திருவிழாவிலும் அந்த வசனத்தைத் தாராளமாக வையுங்கள். அந்த வாலிபரையும் கூப்பிட்டுப் பந்தலில் உட்கார வையுங்கள். வசனம் முடிந்ததும் அவர் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால், இல்லையென்று ஒப்புக் கொள்ளுங்கள். அதற்கு நெற்றிக் கண் வேண்டியதில்லை. இருக்கிற இரண்டு கண்ணைத் திறந்தாலே போதும்.