தறி மேல் கேஸ் போட முடியுமா?

ஆரணியில் பட்டுச்சேலையில் பழுது விழுந்தால் நெசவாளியின் கூலியில் கை வைத்துவிடுவார்கள். டிசைன் கோணலா? ஜக்கார்டு அட்டை குத்தியவரைக் கூப்பிடுவார்கள். கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டினால், 6 மாதம் வரை ஜெயில் அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1985-ம் வருடச் சட்டம் வைத்தது. தண்டனை தறிக்கு இல்லை சாமி, மனுஷனுக்கு! ‘சுவிட்சைத்தான் போட்டேன், நெய்தது மிஷின்’ என்று எந்த முதலாளியாவது தப்பிக்க முடியுமா?

சேலைக்கு இருக்கிற இந்த நியாயம் உயிருக்கு இல்லை.

தானே தேடி, தானே குறி பார்த்து, தானே தாக்குகிற ஆயுதங்கள் வந்துவிட்டன. 2020-ல் லிபியாவில் பின்வாங்கிய படையினரை இத்தகைய ட்ரோன்கள் துரத்தியதாக ஐ.நா. நிபுணர் குழு 2021-ல் அறிக்கை தந்தது. நாளை ஒன்று, ராணுவ லாரி என்று நினைத்து பள்ளிக்கூட வேனை அடித்தால்? ‘குறி பார்த்தது மிஷின்’ என்பார் தளபதி. ‘ஏவியது நானில்லை’ என்பார் புரோகிராம் எழுதியவர். ‘விற்றதோடு சரி’ என்று கும்பிடு போடும் கம்பெனி.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமோ, குற்ற எண்ணம் இருந்ததா என்று கேட்கும். மிஷினுக்கு ஏது எண்ணம்? சிப்பாய் செய்த குற்றத்துக்குத் தளபதியைப் பிடிக்கலாம். மிஷின் என்ன சிப்பாயா?

அந்த நீதிமன்றத்தில் இந்தியா சேரவே இல்லை. நம்மிடம் உள்ள 1960-ம் வருட ஜெனிவா ஒப்பந்தங்கள் சட்டத்தில், அரசுத் தரப்பே புகார் கொடுத்தால்தான் கோர்ட் வழக்கை எடுக்கும். பயிரை மேய்ந்ததும் வேலி, புகார் தர வேண்டியதும் வேலியாம்!

2023 டிசம்பரில் இந்த ஆயுதங்களின் ஆபத்து பற்றி ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கே: ரஷ்யா, பெலாரஸ், மாலி... அப்புறம் நாம். ஜெனிவாவில்தான் ஏற்கெனவே பேச்சு நடக்கிறதே என்கிறது டெல்லி. அங்கே ஒரே ஒரு நாடு முறைத்துக்கொண்டாலும் முடிவு வராது என்பதைச் சொல்வதில்லை.

‘நம் ஜவான் சாவதற்கு மிஷின் சாகட்டுமே’ என்பீர்கள். சாகட்டும். கொன்றால் யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. கண்ணிவெடியும் சிப்பாய் காலா, சிறுவன் காலா என்று பார்க்காது. வன்னியில் அதைப் புதைத்தவர்களில் எத்தனை பேர் கோர்ட் படி ஏறினார்கள்?

ஏவச் சொன்னவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். குறை தெரிந்தே விற்றவர் கூண்டில் ஏற வேண்டும். எந்தச் சேலையை யார் நெய்தது என்பதற்கு நெசவாளர் சங்கத்தில் ஏடு இருக்கிறது. எந்த உயிரை யார் எடுத்தது என்பதற்கு ஓர் ஏடு வேண்டாமா?