வெற்றுத் தாளில் கையெழுத்தா?

குடியரசு நாளன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கிராமங்களில் கிராம சபையும் நகரங்களில் பகுதி சபையும் நடந்து முடிந்தன. எந்த ஊரில் வாக்குவாதம் முற்றியது, எந்த ஊரில் அதிகாரி வராமல் மக்கள் காத்துக் கிடந்தார்கள் என்பதையெல்லாம் வாரம் முழுக்கச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நான் எழுத வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி.

நான் குடியிருக்கும் வார்டில் பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் பகுதி சபை. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. போனால் வாசலிலேயே ஒரு மேஜை. மேஜைமேல் நீள நோட்டு, சணலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. "கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க சார்" என்றார் ஓர் இளைஞர். புரட்டிப் பார்த்தேன். பக்கத்தின் தலையில் தேதியும் இடமும் இருந்தன. அதற்குக் கீழே இரண்டரைப் பக்கம் காலி. அப்புறம் வரிசை எண் போட்டுக் கையெழுத்துகள். நான் போனபோது 41 பேர் போட்டிருந்தார்கள். கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

"இந்த இடம் எதுக்குத் தம்பி காலியா இருக்கு?"

"தீர்மானம் எழுதத்தான் சார். அப்புறமா எழுதிப்போம்."

எனக்குப் பின்னால் வந்த ஒரு பாட்டியம்மா கையில் குடிநீர் பாட்டில். குடிக்கக் கொண்டு வரவில்லை. காட்டக் கொண்டு வந்திருந்தார். அவர் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது. மஞ்சள் நிறத் தண்ணீர், அடியில் வண்டல். கூட்டத்தில் அதை மேஜைமேல் வைத்து, எத்தனை நாளாக இப்படி வருகிறது, எந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தவர் பேச எழுந்ததும் அந்தப் பாட்டிலை யாரோ எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்கள். கிளம்பும்போது பாட்டியம்மா கேட்டார்: "எப்பா, நான் சொன்னத எழுதிட்டியாப்பா?" "எழுதிக்கிறோம் பாட்டி, நீங்கதான் கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு வாரமாக அதுவே காதில் ஒலிக்கிறது. கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு! வீட்டுப் பத்திரத்தில் இப்படிச் செய்வோமா? வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு முன்பின் தெரியாதவரிடம் கொடுப்போமா? அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில்கூட ஒவ்வொரு வரியையும் நாலு பேர் முன்னால் வாசித்த பிறகுதானே கையெழுத்து? தெருவே குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் மட்டும் வெற்றுத் தாள் எப்படிச் செல்லுபடியாகிறது?

இதன் காரணம் ஊரறிந்தது. கிராம சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகை வேண்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்தத் தலைக்கணக்கைக் கையெழுத்தால் நிரப்பிவிட்டால் கூட்டம் நடந்ததாகிவிடும். அதனால்தான் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடமும் ரேஷன் வரிசையில் நிற்பவர்களிடமும் நோட்டை நீட்டுகிறார்கள். மக்களைக் கூட்டத்துக்கு வரவழைக்கவே அந்த எண்ணிக்கையை விதியில் எழுதினார்கள். இன்று அது கையெழுத்து வேட்டையாகிவிட்டது.

ஒரு தாளில் எழுதியதற்கு என்ன பலம் என்று கேட்பவர்கள் ஒடிசாவின் நியமகிரி மலையைப் பாருங்கள். அங்கே பாக்சைட் வெட்டி எடுக்கும் திட்டத்தை எதிர்த்த வழக்கில், கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக உட்கார வேண்டும் என்றும் சொன்னது. ராயகடா, காளஹாண்டி மாவட்டங்களில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. மலைவாழ் மக்கள் வாயால் சொன்னது அப்படியே எழுத்தில் ஏறியது. அதை ஒதுக்கிவிட முடியவில்லை. எல்லாத் தீர்மானத்துக்கும் அந்த முடிவு கிடைப்பதில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது. அப்படியும் அரசு திட்டத்தைத் தொடர்ந்தது. ஆனால் அந்த மக்கள் சம்மதித்தார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிட முடியாது. எழுத்து அங்கே இருக்கிறது.

தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களிலும் இதே கதைதான். 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை என்ன சொல்கிறது? 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் கூட்டக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். எழுப்பிய ஒவ்வொரு கவலைக்கும் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். அங்கே ஓட்டு எண்ணுவதில்லை, கை தூக்கச் சொல்வதும் இல்லை. குறிப்பில் ஏறிய கேள்விக்குத்தான் பதில் வரும். மெரினாவில் பேனா நினைவுச்சின்னம் அமைப்பது பற்றி 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கத்தில் நடந்த கூட்டத்தில் நமக்கு நினைவில் நிற்பது அமளி மட்டுமே. இப்படிப்பட்ட கூட்டங்களில் மைக்கைப் பிடித்து முழங்கிவிட்டு, குறிப்பை வாசிக்கும் நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் கூட்டத்தின் உயிர்.

நான் பல வருடமாகச் சொல்லிவரும் ஒன்றை இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் அரசுத் தமிழ் மாற வேண்டும். 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனால் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் "உரிய நடவடிக்கை மேற்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வாக்கியம் மறுபடி மறுபடி வருகிறது. யார் மேற்கொள்வது? எந்தத் தெருவில்? எந்தத் தேதிக்குள்? எதுவும் இல்லை. செய்பவர் இல்லாத அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு பிற்பாடு யாரையும் கேள்வி கேட்க முடியாது. "பிள்ளையார் கோயில் தெருக் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலக்கிறது, உதவிப் பொறியாளர் பிப்ரவரி 10-க்குள் சரி செய்ய வேண்டும்" என்று எழுத எத்தனை நிமிடம் ஆகும்? தமிழுக்குத் தேர் இழுப்பவர்கள், மாநாடு போடுபவர்கள் முதலில் இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தட்டும். மொழிக்குச் செய்யும் பெரிய தொண்டு அதுதான்.

வாசகர்களுக்கு, வீட்டுப் பெரியவனாக நினைத்துக்கொண்டு, சிலவற்றைச் சொல்கிறேன். கிராம சபையோ பகுதி சபையோ, உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அங்கே உறுப்பினர். விருந்தாளி மாதிரி கடைசி வரிசையில் உட்காராதீர்கள். சொல்ல வேண்டியதை முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பத்துப் பிரச்சினை வேண்டாம், ஒன்று போதும். தெருப் பெயரோடு கேளுங்கள். கிராமத்தில் என்றால் படிவம் 30 எங்கே என்று கேளுங்கள். ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் அந்தப் படிவத்தைச் சபையின் பார்வைக்கு வைத்தாக வேண்டும். தனியாகப் பேசத் தயங்கும் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். என் அனுபவத்தில் தண்ணீர்க் கணக்கு உங்களைப் போல் யாருக்கும் தெரியாது. தீர்மானம் எழுதி, உரக்க வாசித்து, நீங்கள் சொன்னது அதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போட்டதும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. "தீர்மானத்தை எழுதுங்கள், இருந்து போட்டுவிட்டுப் போகிறேன்" என்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. பாட்டியம்மாவின் குழாய் மூன்றாவது தீர்மானமாக ஏறியது, தெருப் பெயரோடு. 64-வது கையெழுத்து என்னுடையது.

கிராமங்களில் அடுத்த சபை நாள் மார்ச் 22. நகரங்களில் ஏப்ரல் 14. போங்கள். நோட்டு காலியாக இருந்தால் பேனாவைத் தொடாதீர்கள்.