சட்டத்தரணியிடம் கூறிய இரகசியம் யாருக்குச் சொந்தம்?

சட்டத்தரணியிடம் கட்சிக்காரன் மனந்திறந்து கூறியதை வெளிப்படுத்துமாறு நீதிமன்றம் வற்புறுத்தாது என்பது பழைய சட்டமரபு. ஆனால், கட்சிக்காரன் மனிதனாக அன்றிக் கம்பனியாக இருந்தால்? கம்பனிக்கு வாயில்லை, அதன் ஊழியரே பேசவேண்டும். அவ்வாறு பேசும் ஊழியரை அம்மரபு காக்கின்றதா?

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா அப்ஜோன் என்னும் மருந்துக் கம்பனியின் வழக்கில் எழுந்தது. அதன் வெளிநாட்டுத் துணைக் கம்பனியொன்று அரசாங்க அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்தமை 1976இல் கணக்காய்வின்போது தெரியவந்தது. கம்பனியின் சட்டத்தரணிகள் வெளிநாட்டு முகாமையாளருக்கு வினாக்கொத்து அனுப்பினர்; ஊழியர் பலரை நேரிலும் விசாரித்தனர். அப்பதிவுகளை இறைவரித் திணைக்களம் கோரியது. கம்பனியை நெறிப்படுத்தும் உயர்மட்டத்தினரின் கூற்றுக்கே பாதுகாப்பு உண்டு என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1981இல் இதனை நிராகரித்து, ஏனைய ஊழியரின் கூற்றுக்கும் பாதுகாப்பை விரித்தது.

இதனை ஊழியர் பெற்ற உரிமையெனப் போற்றுதல் பெரும் மயக்கம். விரிந்தது கம்பனியின் உரிமையே. பேசுபவர் ஊழியர், பேச்சைக் காப்பதா கைவிடுவதா எனத் தீர்மானிப்பது கம்பனி. 1985இல் வைன்ட்றோப் வழக்கில், வங்குரோத்தான கம்பனியின் பொறுப்பாளர், பழைய பணிப்பாளரின் எதிர்ப்பையும் மீறி அவ்வுரிமையைக் கைவிடலாம் என அதே நீதிமன்றம் தீர்த்தது. பணிப்பாளரின் கதி இதுவாயின், எழுதுவினைஞரின் கதி யாது? பேச மறுத்தால் வேலை போகலாம். பேசினால் அப்பேச்சே அவருக்கு எதிரான சான்றாகலாம்.

“நான் கம்பனியின் சட்டத்தரணி, உமது சட்டத்தரணி அல்லேன்” என முன்கூட்டியே எச்சரிக்கும் வழக்கம் அவ்வழக்கின் பெயராலேயே அங்கு வழங்குகின்றது. ஆயினும், எச்சரிக்கை தவறியதனால் மட்டும் பேச்சு ஊழியருக்கு உரியதாகிவிடாது. சட்டத்தரணி தமக்காகவும் தோற்றினார் என்பதை ஊழியரே நிறுவவேண்டும். பிறர் தவறுக்கு இவர் சுமை தாங்குவதா?

ஊழியருக்கும் இவ்வுரிமையில் பங்களித்தால் குற்றங்கள் மறைக்கப்படும் என்பர். இது பொருந்தாது. மறைவது சட்டத்தரணியிடம் கூறிய கூற்றேயன்றி நடந்த நிகழ்ச்சியன்று. நிகழ்ச்சியை அரசு ஊழியரிடமே நேரிற் கேட்டறியலாம் என்பதை 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பே தெளிவாக்கியது.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே: எச்சரிக்கை வழங்காது பெற்ற கூற்றை, கூறியவரின் இணக்கமின்றி அவருக்கெதிராகக் கையளிக்கும் அதிகாரம் கம்பனிக்கு இருத்தலாகாது. நம்பிப் பேசியவனைக் காவாத இரகசியம், வலியவனின் ஆயுதமேயன்றி நீதியின் கருவியன்று.