மொழிமேல் பழி போடுவார்க்கு மறுப்பு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம் நாவுக்கு வாராததைத் தம் மொழிக்கே வாராதென்று சாற்றுவாரும் அவ்வினத்தவரே. புதுவகை இசைக்குத் தாய்மொழி ஒவ்வாது என்னும் பழி சப்பானிலும் ஒருகால் எழுந்தது. அதனைப் பொய்யாக்கிய இசைஞருள் ஒருவர் அருவோமி ஓசோனோ.

1947-இல் தோக்கியோவில் பிறந்த இவர் அமெரிக்க இராக்கு இசையில் தோய்ந்தவர். பாவலர் தக்காசி மாட்சுமோட்டோ முதலியோருடன் இவர் அமைத்த 'ஆப்பி எண்டு' குழு, 1970-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலேயே சப்பானிய மொழியிற் பாடியது. குழுவின் பெயர் ஆங்கிலமே. அதனையும் சப்பானிய எழுத்திற் பொறித்தனர். எதிர்ப்பு எழுந்தது. சப்பானியச் சொற்கள் இராக்குத் தாளத்தில் அமரா என்றும், உலகை எட்ட ஆங்கிலமே வழி என்றும் யுயா உச்சிடா முதலியோர் வழக்காடினர். இசையிதழில் சொற்போர் மூண்டது.

அவர்கள் காட்டிய இடர்ப்பாடு முற்றும் பொய்யன்று. ஆங்கிலம் அசையழுத்தத்தால் நடப்பது. மெய்யொலியில் வெட்டென முடிவது. சப்பானியமோ பெரிதும் உயிரில் முடியும் அசைகளை ஏறத்தாழ ஒத்த அளவில் அடுக்கிச் செல்வது. வேறுபாடு மெய்யே. ஆயின் அதனாற் பெறப்படுவது யாது? பாடுவோன் உழைக்கவேண்டும் என்பதா? மொழியைக் கைவிடவேண்டும் என்பதா?

இக்குழுவினர் உழைத்தனர். தாளத்துக்கேற்பச் சொற்களை நீட்டினர், இடையே பிளந்தனர். தாழ்ந்த குரலினரான ஓசோனோ, அமெரிக்கப் பாடகர் சேம்சு தெய்லரைக் கேட்டு, கத்தாமல் அமைதியாகப் பாடும் முறையைக் கற்றார். முறையைத்தான் கற்றார், மொழியைக் கடன் வாங்கவில்லை. 1971-இல் வந்த 'கசேமாச்சி உரோமன்' இசைத்தட்டில், 1964 ஒலிம்பிக்கு விளையாட்டை ஒட்டி இடித்து மாற்றப்பெற்ற பழைய தோக்கியோவின் தெருக்களை மாட்சுமோட்டோ பாட்டில் மீட்டார். அத்தெருவில் வளர்ந்தோர் பேசிய மொழியன்றி வேறெம்மொழி அதற்குப் பொருந்தும்?

"ஓசோனோ பின்னர்ப் பல இசைகளையும் கலந்தாரே, ஆங்கிலப் பாட்டும் இசைத்தாரே" என்று மடக்குவார் உளர். ஆம். ஒக்கினாவா, அவாய், கரிபியத் தீவுகள் ஆகியவற்றின் ஓசைகளைக் கலந்தார். 1978-இல் கொச்சியின் பெயரால் ஓர் இசைத்தட்டே செய்தார். அதில் மதராசின் பெயர் தாங்கிய பகுதியும் உண்டு. அவ்வாண்டே தொடங்கிய 'எல்லோ மேசிக்கு ஆர்க்கெசுட்டிரா'வில் ஆங்கிலப் பாட்டுகள் உள்ளன, மறைப்பானேன்? ஆயினும் அக்குழுவின் பெயர்பெற்ற படைப்புகள் பல, பாட்டுவரி இல்லாத மின்னிசையே. 1983-இல் அது சப்பானியத்திற் பாடிய பாட்டும் அந்நாட்டிற் பெரும்புகழ் பெற்றது. ஓசை கலத்தல் வேறு. நாவை அடகு வைத்தல் வேறு. முன்னதைச் செய்தோன் பின்னதையும் செய்தே தீரவேண்டும் என்பது எந்த ஊர் வழக்கு?

உலகை எட்ட ஆங்கிலம் வேண்டும் என்றார்களே, நடந்தது யாது? 2003-இல் வந்த 'இலாசுட்டு இன் டிரான்சிலேசன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், ஓசோனோ 1971-இற் பாடிய பாட்டு அதே சப்பானியத்தில் ஒலித்தது. 2007-இல் 'உரோலிங்கு சுட்டோன்' இதழின் சப்பானியப் பதிப்பு, சப்பானிய இராக்கு இசைத்தட்டுகளுள் 'கசேமாச்சி உரோமனை' முதலிடத்தில் வைத்தது. மொழியை மாற்றாமலே பாட்டு கடல் கடந்தது.

இனி எவரேனும் "நம் மொழியில் இது முடியாது" என்பாராயின், மொழியின் ஆற்றலை அவருக்கு எடுத்தோதிக் களைக்க வேண்டா. அதனைச் செய்துபார்க்க எத்தனை நாள் உழைத்தார் என்று மட்டும் கேளுங்கள்.