டீச்சர் தலையில் கட்டாதீர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் மாணவர் மனநலம் என்று பேச்செடுத்தால் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன: ஆசிரியருக்கு ஒரு பயிற்சி, மாணவருக்கு ஓர் உதவி எண். 14417, 14416 என்ற உதவி எண்கள் இருப்பது நல்லதுதான். ஆனால் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒற்றை அறை வாடகை வீட்டில், இருக்கும் ஒரு செல்போனும் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விடும். ராத்திரி அது கைக்கு வந்தாலும், நான்கு பேர் படுத்திருக்கும் இடத்தில் பத்தாம் வகுப்புப் பெண் எந்தக் குரலில் பேசுவாள்? அவள் தினமும் வந்து சேரும் இடம் பள்ளிக்கூடம். உதவிக்கான ஆளும் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஆள் ஆசிரியராக இருக்கக் கூடாது.

இது ஆசிரியர்கள் மீதான குறை அல்ல. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'செஹர்' ஆய்வு 2018-இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரும், சிலவற்றில் பயிற்சி மட்டும் பெற்ற வெளியாளும் நடத்தினார்கள். பெயர் எழுதாமல் குறையைப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தனியே உட்கார்ந்து பேச வாய்ப்பு போன்ற எளிய ஏற்பாடுகள்தான். வெளியாள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர் நடத்தியவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மார்க் போடுகிறவரிடம், வீட்டுக்குப் போன் போடக்கூடியவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? போதாததற்கு, சிலபஸை முடிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

டாக்டர் அல்லாதவரை நம்பிப் பிள்ளையை விடலாமா என்பது நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்கள் ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்றது. பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. டாக்டராக இருக்க வேண்டியதில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்தால் போதும். 'எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது, பேசப் பேசத்தான் தற்கொலை எண்ணம் வரும்' என்பது அடுத்த ஆட்சேபம். அந்தக் காலத்துக் கணக்கு கையில் இருக்கிறது. வேலூர் அருகே கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை, 10–19 வயதினரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் 148 பேரும் ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் இறந்தார்கள். யாரும் பேசாமல் இருந்தபோது நடந்தது இது.

மனச்சோர்வு முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு மருத்துவர்தான் வேண்டும். ஆனால் அரசு மருத்துவமனை ஓ.பி. பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடும். பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட வேண்டும், அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாரம் ஒரு மாலையாவது வளரிளம் பருவத்தினருக்கென ஓ.பி. நடத்தப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.