சம்பள நோட்டு யார் கையில்?

எங்க அப்பா கட்டட வேலை. சம்பள நோட்டை மேஸ்திரிதான் எழுதுவார், அவரே காட்டுவார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அமெரிக்க எம்.பி.க்கள் நன்றாகப் படித்தவர்கள். ஆனாலும் உளவுத்துறை முன்னால் அவங்க நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான் என்பேன்!

அங்கே நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ். அதன் உறுப்பினர்களின் கேள்விக்குப் பதில் தயாரிக்க, ரகசியக் கூட்டத்துக்கு அதிகாரியை அனுப்ப, சி.ஐ.ஏ.வில் தனி அலுவலகமே இருக்கிறது. 1976-இல் செனட் சபை கண்காணிப்புக் குழு அமைத்தபின் இந்த வேலை கூடிவிட்டது.

2009-இல், சி.ஐ.ஏ. கைதிகளைச் சித்திரவதை செய்த விவகாரத்தை அக்குழு ஆராயத் தொடங்கியது. ஆவணங்களைக் காட்டியது யார்? அதே சி.ஐ.ஏ.தான்! இடம் அவங்க ஏற்பாடு, கம்ப்யூட்டரும் அவங்க கொடுத்தது. கடைசியில் குழுவின் ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் பகுதிக்குள்ளேயே புகுந்து பார்த்திருக்கிறார்கள். 2014 மார்ச்சில் குழுத் தலைவர் டயான் ஃபெய்ன்ஸ்டைன் சபையிலேயே இதைப் போட்டு உடைத்தார். சி.ஐ.ஏ. இயக்குநர் ஜான் பிரென்னன் முதலில் மறுத்தார். ஜூலையில் மன்னிப்புக் கேட்டார்.

பிராக்டிகலுக்கு வரும் எக்ஸ்டர்னல் சாரின் மார்க் ஷீட்டை நாம எட்டிப் பார்த்தால் சும்மா விடுவாங்களா? பிரென்னன் 2017 ஜனவரி வரை அதே நாற்காலியில்தான் இருந்தார்.