சேர்வராயன் திருவிழாவுக்கு முன்னாலா, பின்னாலா?

"டாக்டர் அம்மா, வீட்டில் இருக்கும்போது ஆயிரம் உபாதை நினைவுக்கு வருகிறது. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் முக்கியமானது ஞாபகம் வருகிறது. என்ன செய்வது?" என்று சேலத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

சகோதரி, இதில் பாதிப் பொறுப்பு கேட்கிறவர்களுடையது. 1984-ல் அமெரிக்காவில் 74 நோயாளிகள் டாக்டரிடம் பேசியதைப் பதிவு செய்து பார்த்தார்கள். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான்! மற்றவர்களை டாக்டர்கள் சராசரியாகப் பதினெட்டே விநாடியில் குறுக்கிட்டுவிட்டார்கள்.

பேச்சுக்கு அத்தனை மதிப்பா என்று கேட்பீர்கள். 1975-ல் இங்கிலாந்தில் 80 புது நோயாளிகளைக் கவனித்தபோது, 66 பேருக்கு என்ன நோய் என்பது அவர்கள் சொன்னதைக் கேட்டதிலேயே சரியாகத் தெரிந்துவிட்டது. நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாடி, நா, விழியோடு 'மொழி'யும் ஒன்று அல்லவா?

உங்கள் ஊர் மலையிலேயே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏற்காட்டுக்கு மேலே 5,300 அடிக்கும் அதிகமான உயரத்தில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கும் கோயிலை நீங்கள் அறிவீர்கள். சுற்றுவட்டார மலைக் கிராமங்களின் மக்கள் எல்லாரும் மே மாதத் திருவிழாவுக்கு அங்கே கூடுவார்கள். ஒரு ஜூலை மாதம் அந்தப் பக்கத்துக் கிராமத்து முகாமுக்கு ஒரு பாட்டியை மருமகள் அழைத்து வந்தாள்.

"என்னம்மா செய்யுது?" என்று பாட்டியைக் கேட்டேன். "ஒரு வாரமா சளிங்க" என்று மருமகள் பதில் சொன்னாள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்து வரும்படி அவளை அனுப்பிவிட்டு, பாட்டி பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"இருமல் எத்தனை நாளா இருக்கும்மா?"

"ரொம்ப நாளாங்க." தேதி கேட்டால் எப்படித் தெரியும்?

"சேர்வராயன் திருவிழாவுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலயேதாங்க. கோயிலுக்குப் போறப்பவே மூச்சு வாங்குச்சு. பேரன் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன்."

ஒரு வாரம் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது! எடை குறைந்ததா என்று கேட்கவில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா என்று கேட்டேன். "ரெண்டு தடவை புடிச்சுத் தைச்சாச்சுங்க." சாயங்காலக் காய்ச்சலும் இருந்தது. "ராத்திரி யார் பக்கத்துல படுப்பாங்க?" "பேரன்தாங்க."

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். செய்தோம், காசநோய்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை தொடங்கினோம். குறைந்தது ஆறு மாதம் நிறுத்தாமல் சாப்பிட வேண்டிய மருந்து. பேரன் உட்பட வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தோம். 'ஒரு வாரச் சளி' என்று இருமல் மருந்தோடு அனுப்பியிருந்தால் அந்தக் குழந்தையின் கதி?

மருமகள் மேல் தப்பு இல்லை. அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். ஆனால் உடம்பு யாருடையதோ, அவரே பேசட்டும். மாமியாரை அழைத்துப் போனால் முதலில் அவரைப் பேச விடுங்கள். விட்டுப்போனதைப் பிறகு நீங்கள் சேருங்கள். பேசத் தெரிந்த குழந்தையானாலும் "எங்கே வலிக்குது, காட்டு கண்ணு" என்று கேட்க இடம் கொடுங்கள்.

போவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களை அதிகம் பயமுறுத்தும் தொந்தரவு முதல் வரியில் இருக்கட்டும். எப்போது ஆரம்பித்தது என்பதற்குத் தேதி தெரியாவிட்டால் பொங்கலுக்கு முன், பள்ளிக்கூடம் திறந்த பின் என்று குறித்தால் போதும். எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கடைசி மாதவிலக்கு எப்போது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். கஷாயம், லேகியம் சாப்பிட்டிருந்தால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை தடவை பால் குடித்தது, எத்தனை தடவை சிறுநீர் போனது என்பது மிக முக்கியம்.

வெள்ளைப்படுதல், வீட்டில் அடி, மனக்கஷ்டம் — இவற்றைக் கணவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். "டாக்டர், உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று தைரியமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கிளம்பும் முன், டாக்டர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு. சரிதானே?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.

வெளியே வந்த பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே போங்கள் சகோதரி. கூச்சமே வேண்டாம்.

அடுத்த இதழில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்கிறேன்.